நள்ளிரவில் பதினொரு படிகள்

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 70, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இரண்டு பேரும் இரவில் சிறுநீர் கழிக்க நான்கைந்து தடவை எழுகிறார்கள். மலசலகூடம் லயத்துக்குப் பின்னால், பதினொரு படி இறங்கிப் போக வேண்டும். விழுந்துவிடுவார்களோ என்று நானும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே எழுகிறேன். பகலில் திரீவீல் ஓட்டுகிறேன், கண் சொக்குகிறது. அம்மாவுக்குப் பிரஷர், கிளினிக்கில் அம்லோடிபின் குளிசை கொடுக்கிறார்கள். சாயங்காலமானால் கால் வீங்குகிறது. இரவுக்குப் பயந்து பகலிலும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். அப்பாவுக்குச் சிறுநீர் வர நேரம் எடுக்கிறது. படுக்கும்போது பிரிட்டன் (Piriton) என்ற தடிமன் குளிசை ஒன்று போட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மருந்தும், நல்ல தூக்கக் குளிசை ஒன்றும் சொல்வீர்களா?

பதில்:

அன்புள்ள தம்பி,

தூக்கக் குளிசை வேண்டாம். மற்றவற்றைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். குளிசை போட்டாலும் சிறுநீர் முட்டத்தான் செய்யும். எழுந்திருப்பார்கள். ஆனால் மயக்கம் தெளியாமல் எழுந்திருப்பார்கள். ஈரப்படி, இருட்டு, அதற்கு மேல் குளிசையின் தள்ளாட்டம். வயதானவர்கள் இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலைக்கு வரும்போது ‘எப்போது விழுந்தீர்கள்’ என்று கேட்டால் ‘ராத்திரி ஒண்ணுக்குப் போனப்ப’ என்ற பதிலை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மருந்தும் கிடையாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மா எழுவதற்குக் காரணம் ஒன்று, அப்பா எழுவதற்குக் காரணம் வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே படியில் இறங்குகிறார்கள் என்பதற்காக ஒரே வியாதி ஆகிவிடாது. என் சந்தேகம் சரியா என்பதை என்னைவிட நீங்களே நன்றாகக் கண்டுபிடிக்கலாம். செலவும் இல்லை.

ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை எடுத்து மேல்பகுதியை வெட்டிவிடுங்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காதபடி டேப் சுற்றுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்த பழைய போத்தல் வீட்டில் கிடந்தால் அதில் மில்லிலீற்றர் கோடுகள் இருக்கும். அதைக் கொண்டு நூறு நூறு மில்லிலீற்றராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு தடவையும் வெளியே ஒரு கோடு போடுங்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மூன்று நாள், பகலும் இரவும், சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் பிடித்து, நேரத்தையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். என்ன குடித்தார்கள், எப்போது குடித்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். படுத்த நேரமும் எழுந்த நேரமும் வேண்டும். அப்பா கூச்சப்படுவார். ‘டாக்டர் கேட்டார்’ என்று என் தலையில் பழியைப் போடுங்கள்.

மூன்றாம் நாள் கூட்டிப் பாருங்கள். படுத்த பிறகு போனது, அத்துடன் விடிந்ததும் முதலில் போனது, இரண்டும் சேர்ந்ததுதான் இரவுக் கணக்கு. படுக்கப் போகுமுன் கழித்தது பகலோடு சேரும். 65 வயதைத் தாண்டியவருக்கு இரவுக் கணக்கு முழு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், சிறுநீரகம் இரவில் அதிகமாக வேலை செய்கிறது என்று பொருள். சிறுநீர்ப்பையின் மேல் குற்றம் இல்லை. இரவுக் கணக்கு அளவாக இருந்து, ஒவ்வொரு தடவையும் எழுபது, எண்பது மில்லிலீற்றர்தான் வருகிறது என்றால், பை நிறையுமுன்பே அவசரப்படுத்துகிறது, அல்லது முழுதாகக் காலியாகாமல் மிச்சம் வைத்துக்கொள்கிறது. ஒரு நாளில் பகலும் இரவுமாகச் சேர்த்து மூன்று லீற்றரைத் தாண்டினால், வேறு எதையும் யோசிக்குமுன் சீனி பார்க்க வேண்டும். இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது அது சிறுநீரில் வழியத் தொடங்கும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் பெரியவர்கள் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தது இதைத்தான். இப்போது விரலில் ஒரு குத்து போதும்.

முதலில் அம்மா. அவருடைய போத்தலில் ஒவ்வொரு தடவையும் இருநூறு, முந்நூறு என்று நிறையும் என்பது என் ஊகம். சாயங்காலம் கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மேல், பெருவிரலால் பத்து விநாடி அமுக்கிப் பாருங்கள். குழி விழுந்து மெல்ல மெல்ல நிரம்பினால் அங்கே நீர் தேங்கியிருக்கிறது. பகல் முழுக்க நின்று நடமாடும்போது இறங்கிய நீர் அது. அம்லோடிபின் பலருக்கு இந்த வீக்கத்தைக் கொடுக்கும். இரவில் அம்மா படுத்ததும் காலும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. காலில் தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்துக்குப் போய், பதினொரு மணிக்கு அவரை எழுப்புகிறது. இளம் வயதில் இரவானால் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹோர்மோன் கூடுதலாகச் சுரந்து சிறுநீரைக் குறைத்து வைக்கும். வயதேற ஏற அந்த இரவுக் காவல் தளர்ந்துவிடுகிறது. காலில் தேங்கிய நீரும் இதுவும் சேர்ந்தால் நாலு தடவை எழுவதில் வியப்பில்லை.

அதனால் அம்மா தண்ணீரைக் குறைத்தது வீண் தியாகம். காலில் இருக்கும் நீர் எப்படியும் வரும். குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கலும், சிறுநீரில் கிருமித் தொற்றும், எழும்போது தலைச்சுற்றலும்தான் மிச்சம். மலச்சிக்கலும் கிருமியும் சிறுநீர்ப்பையை மேலும் அவசரப்படுத்தும். காலையிலிருந்து மாலை நாலு மணிக்குள் தாராளமாகக் குடிக்கட்டும். அதற்குப் பிறகு தாகத்துக்குக் கொஞ்சம். பின்னேரம் இரண்டு மணியளவில் ஒரு மணி நேரம் படுத்து, கால்களை இரண்டு தலையணை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தூங்க வேண்டும் என்றில்லை, ரேடியோ கேட்கலாம். இரவில் திரும்ப வேண்டிய நீர் பகலிலேயே திரும்பி, படுக்குமுன் வெளியே போய்விடும். கேட்பதற்கு வீட்டு வைத்தியம் போல இருக்கும். ஆனால் காலில் நீர் தேங்குபவர்களுக்கு நான் சொல்பவற்றில் அதிகம் பலன் தருவது இதுதான்.

அம்லோடிபினை நீங்களாக நிறுத்தக் கூடாது. பிரஷர் எகிறினால் சிறுநீரை விடப் பெரிய ஆபத்து. அடுத்த கிளினிக்கில் வீக்கத்தைக் காட்டி, அளவைக் குறைக்கவோ வேறு குளிசைக்கு மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள். நீர் போக வைக்கும் குளிசை ஏதாவது சேர்த்துக் கொடுத்திருந்தால் அதை எந்த நேரத்தில் போடுகிறார் என்றும் பாருங்கள். அதை இரவில் விழுங்கிவிட்டு ‘தூங்க முடியவில்லை’ என்று வருபவர்கள் உண்டு. நேரத்தை மாற்றுவதும் கிளினிக்கில் கேட்டுத்தான். வீக்கத்துடன் மூச்சு வாங்குகிறது, மட்டமாகப் படுக்க முடியாமல் இரண்டு மூன்று தலையணை வைக்கிறார், காலையில் முகம் வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது என்று இருந்தால் கிளினிக் தேதிவரை காத்திருக்காதீர்கள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் உடனே பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு. மகனிடம் சொல்ல மாட்டார், உங்கள் மனைவி கேட்கட்டும். கீழே ஏதாவது இறங்கினாற்போல, பந்து போலத் தட்டுப்படுகிறதா? பல பிள்ளை பெற்று, வருடக்கணக்கில் கூடை சுமந்த பெண்களிடம் கருப்பை இறக்கம் சாதாரணம். அது சிறுநீர்ப்பையை முழுதாகக் காலியாக விடாது. வெட்கப்பட்டே பத்து வருடம் மறைத்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

இனி அப்பா. வர நேரம் எடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மெல்லிய தாரையாக, விட்டு விட்டு வருகிறதா, முடித்த பிறகும் மிச்சம் இருப்பது போல இருக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது என்று எண்ண இடமுண்டு. ஆண்களுக்கு வயதோடு வரும் இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனாலும் அதையும் ஒரு தடவை பார்த்துத் தெளிந்துவிடுவது நல்லது. யு.எஃப்.ஆர். என்கிற சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று காட்டும் ஸ்கேன், இவற்றுடன் தொடங்கலாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போனால் வழி சொல்வார்கள்.

அந்தப் பிரிட்டனை இன்றே நிறுத்துங்கள். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கோ அதுதான் முதலில் கண்ணில் பட்டது. மலையகத்தில் தடிமனுக்கும் அதுதான், சொறிக்கும் அதுதான், தூக்கத்துக்கும் அதுதான். கச்சான் கொட்டை வாங்குவது போல வாங்குகிறோம். குளோர்பெனிரமின் என்ற அந்த மருந்து சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்திவிடும். ஏற்கனவே வழி நெருங்கியிருக்கும் கிழவருக்கு அது மிச்சத்தைக் கூட்டும். சில வேளை ஒரு சொட்டும் வராமல் அடைத்தே போய்விடும். அடிவயிறு கல்லாகி, வியர்த்து, துடித்துப் போவார். அப்படி ஆனால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது, 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அவர் செய்யக் கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. படுக்குமுன் கழித்து முடித்ததும் உடனே வந்துவிடாமல், ஒரு நிமிடம் நின்று மறுபடி முயற்சி செய்யட்டும். மிச்சத்தில் கொஞ்சம் வரும். புரோஸ்டேட்டுக்கு டம்சுலோசின் போன்ற குளிசை கொடுத்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றக் கூடும். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். இரவில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. நின்றபடி கழிக்கும்போதே பிரஷர் இறங்கி மயங்கி விழுவதுண்டு.

இருவருக்கும் பொதுவான எதிரி குளிர். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, இரத்தம் உடம்பின் உள்ளே ஒதுங்கும். அங்கே அளவு கூடிவிட்டதாக எண்ணி உடம்பு அதிகச் சிறுநீரை இறக்கும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் நாட்டில், தகரக் கூரைக்குக் கீழே படுப்பவருக்கு இது சிறிய விஷயமில்லை. காலுக்குக் காலுறை, தலைக்குத் தொப்பி, கீழே இன்னொரு கம்பளி. மேலே போர்த்துவதைப் போலவே கீழே விரிப்பதும் முக்கியம், சிமெந்துத் தரையிலிருந்து ஏறும் குளிரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குளிருக்கு நாம் எடுக்கும் மருந்து பிளேன்டீ. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த அம்மாவிடம் தேத்தண்ணீரை விடச் சொல்ல எனக்கே நா எழாது. பகலில் குடிக்கட்டும், நாலு மணியோடு நிற்கட்டும். தேயிலையின் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரம் பிடிக்கும், வயதானவருக்கு இன்னும் கூடும். எட்டு மணிக்குக் குடித்த சாயத்தில் பாதி, நள்ளிரவு ஒரு மணிக்கும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தூக்கத்தையும் கெடுக்கும், சிறுநீர்ப்பையையும் சீண்டும். அப்பா சாராயம் எடுப்பவர் என்றால் அதற்கும் இதே கணக்குதான். முதல் இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்க வைத்துவிட்டுப் பிறகு எழுப்பிவிடும்.

உப்பை யாரும் சந்தேகிப்பதில்லை. ரொட்டி, கட்டச் சம்பல், கருவாடு, நெத்தலி என்று நம் இரவுச் சாப்பாட்டில் உப்பு நிறைய. உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைத்து, இரவில் சிறுநீரகம் அதைச் சேர்த்து வெளியேற்றுகிறது. ஜப்பானில் நாகசாகி மருத்துவர்கள் 2017 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்கு 10.7 கிராம் உப்பை 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 ஆக இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. கருவாட்டைப் பகலுக்கு மாற்றி, இரவில் உப்புக் குறைந்த மரக்கறியோ பருப்போ வைத்துப் பாருங்கள். அம்மாவின் பிரஷரும் நன்றி சொல்லும்.

யார் குறட்டை விடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பத்தடிக் காம்பராவில் அது உங்களுக்குத் தெரியாமலிருக்காது. பலமாகக் குறட்டை விட்டு, திடீரென மூச்சு நின்று, பிறகு திணறலுடன் தொடங்கினால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு. அந்தத் திணறலில் இதயம் இழுபட்டு, சிறுநீரைக் கூட்டும் ஹோர்மோன் ஒன்றை வெளியிடுகிறது. இப்படிப்பட்டவர் சிறுநீர் முட்டியதால் எழுந்தோம் என்றே நினைப்பார், உண்மையில் மூச்சுத்தான் எழுப்பியிருக்கும். ஓர் இரவு விழித்திருந்து கவனியுங்கள். எப்படியும் விழித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

தூக்கத்தைப் பற்றியும் கொஞ்சம். எத்தனை தடவை எழுகிறார்கள் என்பதைவிட, முதல் தடவை எப்போது எழுகிறார்கள் என்பதைப் பாருங்கள். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் வருகிறது. படுத்து ஒன்றரை மணியில் எழுப்பப்பட்டவர் மறுநாள் துவண்டிருப்பார். மூன்றரை, நாலு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கிவிட்டு இரண்டு தடவை எழுந்தவர் தெம்பாக இருப்பார். எழவே கூடாது என்று ஆசைப்பட வேண்டாம், எழுபது வயதில் ஒரு தடவை எழுவது குறையே இல்லை. அடுத்தது, அவர்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள்? தோட்டத்தில் குளிருக்குப் பயந்து ஏழரைக்கே கம்பளிக்குள் போய்விடுவது வழக்கம். விடிய ஐந்தரை வரை பத்து மணி நேரம். அந்த வயதில் தூக்கம் ஏழு மணி நேரம்தான் இருக்கும். மீதி மூன்று மணி நேரம் புரண்டு படுத்து, புரளும்போதெல்லாம் ‘போய்விட்டு வந்துவிடலாமே’ என்று தோன்றும். ஒன்பதரைக்குப் படுத்தாலே ஒரு தடவை குறையலாம்.

அந்தப் படி விஷயத்துக்கு வருகிறேன். நானும் லயத்துக் காம்பராவில் வளர்ந்தவன். என் அப்பாயியின் கட்டிலுக்குக் கீழே மூடி போட்ட பெரிய பால்மா டின் ஒன்று இருக்கும். பிள்ளைகள் நாங்கள் மூக்கைப் பிடித்துச் சிரிப்போம். டாக்டருக்குப் படித்து, விழுந்து வரும் பாட்டிகளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. எண்பத்து மூன்று வயது வரை இருந்த அப்பாயி இரவில் ஒரு நாளும் விழுந்ததில்லை. அந்தப் படியில் இறங்கி ஏறுவதற்குள் குளிர் முகத்தில் அடித்து, டோர்ச் கண்ணில் பட்டு, நடை உடம்பை உசுப்பி, தூக்கம் முழுதாகக் கலைந்துவிடும். திரும்பிப் படுத்து மறுபடி கண்ணயர ஒரு மணி நேரம் போகும். சிறுநீர் கழிக்க இரண்டு நிமிடம்தான்.

இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) ஒரு மூலையில் சேலையால் மறைப்புக் கட்டுங்கள். அம்மாவுக்கு ஒரு கொமோட் கதிரை. விலை அதிகமென்றால், உறுதியான பழைய கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, கீழே மூடியுள்ள வாளி வைத்துத் தச்சரிடம் செய்து வாங்கலாம். கால் அகலமாக, ஆடாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்பாவுக்கு ஃபார்மசியில் கிடைக்கும் சிறுநீர்ப் போத்தல் போதும். மருமகள் இருக்கும் வீட்டில் எப்படி என்று தயங்குவார். மறைப்பு அவருக்காகத்தான். வழியில் மங்கலான மஞ்சள் பல்ப் ஒன்று எரியட்டும். வெள்ளை வெளிச்சம் மூளையை விழிக்க வைத்துவிடும். கட்டிலுக்கும் மூலைக்கும் இடையே செருப்பு, வாளி, கூடை எதுவும் கிடக்கக் கூடாது. அப்படி ஏற்பாடு செய்துவிட்டால் நீங்கள் எழ வேண்டியதில்லை. ஹட்டன் ரோட்டின் வளைவுகளில் கண் சொக்கி வண்டி ஓட்டுவதை நினைத்தால் எனக்கு உங்கள் பெற்றோரைவிட உங்கள் மேல்தான் கவலை அதிகம். திரீவீலில் ஏறுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளாகவும் இருக்கும்.

இரவுச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் என்ற மருந்தைப் பற்றி யாராவது சொல்லலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக் கூடியது. விசேட வைத்தியர் இரத்தம் பார்த்துக் கொடுத்தால் ஒழிய, அதன் பக்கம் போக வேண்டாம். சிறுநீரில் ஒரே ஒரு தடவை இரத்தம் தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே காட்டுங்கள். காய்ச்சலுடன் எரிச்சல் இருந்தாலும், கால்கள் திடீரெனப் பலமிழந்து சிறுநீர் கட்டுப்படாமல் போனாலும் அதே அவசரம்தான்.

மூன்று நாள் கணக்கை எழுதிய தாளைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வையுங்கள், அப்பாவுடையதைத் தனியாக, அம்மாவுடையதைத் தனியாக. கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், ‘அடிக்கடி போகிறார்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அம்மாவின் கால் குழியைக் காலையில் காட்டினால் தெரியாது. முதல் நாள் சாயங்காலமே உங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.